கூடத்துக் கச்சேரி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

சென்ற மார்கழியில் ஒரு மாலைப் பொழுது. ஆய்வகக் குறிப்பேட்டை எழுதி முடிக்க வேண்டுமே என்ற கவலையோடு நான் திண்ணையில் அமர்ந்திருந்தேன். அடுத்த தெருவில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் வாயிலில் வந்து நின்று, "ஒரு முழம் பட்டு நூல் வேணும். சாயம் போடாததா இருந்தா நல்லது" என்றார். தறிக்குழியில் இருந்தபடியே அப்பா, "ஒரு முழத்த வெச்சிக்கினு என்னா சார் பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். "தம்புராவுக்கு" என்று பதில் வந்தது. அப்பா சிரித்துவிட்டு, கண்டில் இருந்து ஒரு முழத்துக்கு மேலாகவே அறுத்து என்னிடம் கொடுத்து, "சார் கூடப் போயி குடுத்துட்டு வா" என்றார். நூலை அவரிடமே கொடுத்திருக்கலாம். ஏன் என்னை அனுப்பினார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

போனவன் இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பினேன். அந்த வீட்டுக் கூடத்தில் அன்று ஒரு வீணைக் கச்சேரி. கேட்க வந்தவர்கள் முப்பது பேர் இருக்கலாம். மேடையில்லை, ஒலிபெருக்கி இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. மார்கழியின் நான்கு சனிக்கிழமைகளிலும் இவ்வாறு நடக்கும் என்றும், வாயிலில் வைத்திருக்கும் தாம்பாளத்தில் இயன்றதைப் போடலாம், போடாமலும் இருக்கலாம் என்றும் சொன்னார்கள். சங்கீதம் அறியாதவன் நான். என்னைப் போன்ற நண்பர்கள் இக்கல்லூரியில் பலர் உண்டு. அவர்களுக்கு அந்தக் கூடத்தில் நான் கண்டதையும், பின்னர் தேடி அறிந்ததையும் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

முதலில் அந்த நூலின் கதை. தம்புராவின் நான்கு தந்திகளும் குடத்தின் மேலுள்ள குதிரை என்னும் மேட்டின் மீது படிந்து செல்கின்றன. அந்தக் குதிரையின் மேற்பரப்பு தட்டையாக இல்லை, மெல்ல வளைந்திருக்கிறது. ஒவ்வொரு தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூல் துண்டைச் செருகி, அதை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே மீட்டிப் பார்க்கிறார்கள். நகர்த்த நகர்த்த, மொட்டையாக ஒலித்துக்கொண்டிருந்த தந்தி ஓரிடத்தில் திடீரென்று வண்டு பறப்பதுபோல் ரீங்காரம் செய்யத் தொடங்குகிறது. அந்த நூலுக்கு 'ஜீவா' என்று பெயர். பருத்தி நூலும் போடுவதுண்டு, பட்டு நூலும் போடுவதுண்டு. எங்கள் வீட்டு நூல் நான்கு துண்டுகளாகி நான்கு தந்திகளுக்கும் உயிர் கொடுப்பதை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இயற்பியல் மாணவனுக்கு இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. இழுத்துக் கட்டிய கம்பியை அதன் நடுவில் சுண்டினால், இரண்டாம், நான்காம் மேற்சுரங்கள் எழக்கூடாது என்று நாம் படித்திருக்கிறோம். சுண்டிய இடம் எந்த மேற்சுரத்துக்குக் கணுவாக அமைகிறதோ அந்த மேற்சுரம் பிறக்காது என்பது தாமஸ் யங் கண்ட விதி. தம்புராவும் வீணையும் இவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்பதை 1921-இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டியவர் சர் சி. வி. இராமன். தந்தி அதிரும்போது வளைந்த குதிரையின் மேல் படிந்தும் எழுந்தும் அசைகிறது. எனவே அது குதிரையைத் தொடும் புள்ளி ஒரே இடத்தில் நிற்பதில்லை. இல்லாமற் போயிருக்க வேண்டிய மேற்சுரங்கள் இதனால் உயிர்பெற்று எழுகின்றன. நூல் செய்யும் வேலை, அந்தத் தொடுகையை மயிரிழை அளவுக்குச் சரிசெய்வதுதான். இப்போதெல்லாம் கைபேசியிலேயே சுருதி ஒலிக்கும் வசதி வந்துவிட்டது. அதில் நகர்த்துவதற்கு நூல் இல்லை.

நிற்க. மேல்நாட்டார் இத்தகைய இசையை 'சேம்பர் மியூசிக்' என்கிறார்கள். அறையிசை என்று சொல்லலாம். பெரிய வாத்தியக் குழுவும் அதை நடத்த ஒருவரும் வேண்டிய அரங்கிசை அன்று இது. வீட்டு அறையில் நாலைந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிப்பது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு வாத்தியங்களுக்கான இசையை ஹைடன் (1732–1809) போன்றோர் செழிக்கச் செய்தார்கள். அந்த வயலின் நம் சங்கீதத்துக்குள் வந்த வரலாறு பலரும் அறிந்ததே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) அதைக் கற்று நம் இசைக்குப் பொருந்தும்படி செய்தார். வாத்தியம் அங்கிருந்து வந்தது. நாலைந்து பேர் தரையில் அமர்ந்து, ஒருவர் கண்ணசைவை ஒருவர் கவனித்து வாசிக்கும் முறையோ நம்மிடம் முன்பே இருந்தது. நம் கச்சேரி பிறவியிலேயே அறையிசைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோயில் ஊர்க்காரர்களான நமக்கு இன்னொரு வகை இசை காதோடு பிறந்தது. வைகாசியில் வரதர் கருட சேவைக்கு எழுந்தருளும்போது, அந்தக் கூட்டத்தையும் இரைச்சலையும் மீறி நாகஸ்வரம் தெருக்கோடி வரை கேட்கிறதன்றோ! அது வெளிக்கென்றே பிறந்த வாத்தியம். வீணையோ கூடத்துக்கென்றே பிறந்தது. தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டு, ஒலி தேய்ந்து மறைவதற்குள் இடக்கை விரலால் அதை மெட்டின் மேல் இழுத்து இரண்டு மூன்று சுரங்களைக் காட்டிவிடுகிறார்கள். கமகம் என்பது பெரும்பாலும் அந்தத் தேயும் வாலில்தான் இருக்கிறது. பத்தடி தள்ளி உட்கார்ந்தால் மீட்டு மட்டும் கேட்கும், வால் கேட்காது.

இதை நன்கு அறிந்தவர் வீணை தனம்மாள் (1867–1938). சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வாசித்தார். சங்கீத வித்துவான்களே அங்கே போய்ச் சத்தம் போடாமல் உட்கார்ந்து கேட்டார்கள். தேவதாசி மரபில் வந்தவர். பிற்காலத்தில் கண்பார்வையும் போயிற்று, செல்வமும் நிற்கவில்லை. அப்படியிருந்தும் அந்தச் சிறு கூடம் ஒரு தலைமுறைச் சங்கீதத்துக்கு உரைகல்லாக இருந்தது. அவர் வாசித்த சில இசைத்தட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. தலையணியைக் காதில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். இரைச்சலுக்கு நடுவே முதலில் ஒன்றும் புரியாது. நான்காம் முறை கேட்டபோதுதான் எனக்குச் சற்றுப் பிடிபட்டது.

தனம்மாளின் பேத்தியரான பிருந்தாவும் (1912–1996) முக்தாவும் சங்கீதம் கற்றது யாரிடம் தெரியுமா? நம் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையிடம் (1889–1934). இன்னொரு பேத்தி நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி (1918–1984). அவர் ஏழாவது வயதில், 1925-இல், அரங்கேறியதும் இவ்வூர்க் கோயிலொன்றில்தான். எனக்கு இருபது வயதாகிறது. பிறந்தது முதல் இவ்வூரில் இருக்கிறேன். சென்ற மார்கழிவரை இந்தப் பெயர்களில் ஒன்றுகூட என் காதில் விழுந்ததில்லை என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

நயினாப் பிள்ளையின் இயற்பெயர் சுப்பிரமணிய பிள்ளை. புகழ்பெற்ற பாடகி காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் அவருடைய பெரியம்மா முறை. தனம்மாளின் வீணை எவ்வளவுக்கெவ்வளவு மென்மையோ, நயினாப் பிள்ளையின் கச்சேரி அவ்வளவுக்கவ்வளவு கனமானது. வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியக்காரர்கள் ஒரு படையாக அமர்ந்திருக்க, லயத்தில் அத்தனை பேருக்கும் ஈடுகொடுத்து நடுவில் இருந்து பாடியவர் அவர். கஞ்சிராவில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை போன்ற மேதைகள் அவருக்கு வாசித்தார்கள். இசைத்தட்டுக்கு அவர் பாடவில்லை. ஆகவே அவர் எப்படிப் பாடினார் என்பதைச் சீடர்களின் பாட்டைக் கொண்டே ஊகிக்க வேண்டும். அச்சீடர்களுள் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை 1954-இலும், பிருந்தா 1976-இலும் சங்கீத கலாநிதி விருது பெற்றனர். காஞ்சியில் தியாகராஜர் உற்சவத்தையும் அவர் நடத்திவந்தார். அவர் பாட்டைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த இவ்வூர்ச் சிறுமி ஒருத்தி அவர் நடத்திய போட்டியில் பாடிப் பரிசு பெற்றாள். அவர்தாம் பின்னாளில் பல்லவி பாடுவதில் ஆண்களுக்கு நிகராகப் பெயரெடுத்த டி. கே. பட்டம்மாள் (1919–2009).

"அந்தச் சங்கீதமெல்லாம் நமக்கு இல்லடா, நமக்கு பஜன மடம் போதும்" என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். தியாகராஜரின் கீர்த்தனைகளை ஏட்டில் எழுதிக் காத்தவர்களில் முதன்மையானவர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் (1781–1874). அவர் பட்டு நெசவுக்குப் பேர்போன சௌராஷ்டிர சமூகத்தில் பிறந்தவர். வாலாஜாபேட்டை இங்கிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான். இதை அப்பாவிடம் சொன்னேன். "அவரு தறி நெய்ஞ்சாரா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை.

இனி சபைகளுக்கு வருவோம். அரசர்களும் ஜமீன்தார்களும் கலைஞர்களை ஆதரித்த காலம் மங்கியபோது, நகரத்து அன்பர்கள் சந்தா திரட்டிக் கச்சேரி வைக்கத் தொடங்கினார்கள். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900-இலேயே தோன்றிவிட்டது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதையொட்டி ஓர் அகில இந்திய சங்கீத மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928 ஆகஸ்டு 18-இல் சங்கீத வித்வத் சபை, அதாவது மியூசிக் அகாதெமி, தொடங்கப்பெற்றது. மார்கழி சீசன் என்று இன்று நாம் சொல்வதன் வேர் அந்த மாநாட்டில் இருக்கிறது. பாடல்கள் தமிழில் இல்லையே என்ற குறையின் பேரில் எழுந்த இயக்கத்தால் 1943-இல் தமிழ் இசைச் சங்கம் உருவாயிற்று. மணிக்கணக்கில் நீண்ட கச்சேரியைச் சுருக்கி, வர்ணத்தில் தொடங்கிப் பல கீர்த்தனைகள், ஒரு பெரிய உருப்படி, இராகம் தானம் பல்லவி, பிறகு துக்கடாக்கள் என்று இன்றுள்ள முறைக்குக் கொண்டுவந்தவராக அரியக்குடி இராமானுஜ ஐயங்காரைச் (1890–1967) சொல்கிறார்கள்.

சபைகள் செய்த பெரிய நன்மை, வாயிலைத் திறந்துவிட்டது. காசு கொடுத்தால் யாரும் கேட்கலாம் என்றாயிற்று. கேட்பவர் பெருகியதும் கூடம் போதவில்லை. 1962-இல் திறக்கப்பட்ட அகாதெமி அரங்கில் சுமார் 1600 பேர் அமரலாம். திறந்த வெளியில் தொலைவு இரட்டித்தால் ஒலிச்செறிவு நான்கிலொரு பங்காகும் என்பது நம் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். பாடகருக்கு 2 மீட்டரில் அமர்ந்தவர் கேட்பதில் 256-இல் ஒரு பங்குதான் 32 மீட்டரில் அமர்ந்தவரை நேராக எட்டும். அரங்கின் சுவர்கள் எதிரொலித்து ஓரளவு உதவும், அவ்வளவே. ஆதலால் 1930-களில் ஒலிபெருக்கி வந்தது. அதற்குமுன் நாலு கட்டை, ஐந்து கட்டை என்று உச்சத்தில் நின்று பாடிய குரல்கள், பின்னர் கீழே இறங்கி நிதானமாகப் பாட முடிந்தது. மென்குரல் உடையவர்களுக்கும் மேடை கிடைத்தது. இது சிறிய நன்மையன்று. ஆயின் ஒலிபெருக்கி வந்தபின் ஒருவர் கூட்டச் சொல்ல, மற்றவர் தாமும் கூட்டச் சொல்ல, கடைசியில் மிருதங்கம் இடியாகவும் தம்புரா ஊமையாகவும் ஆகிவிடுகிறது. நம் ஊர்க் கல்யாண மண்டபக் கச்சேரிகளைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிறிய கூடத்தில் மட்டும் அப்படி என்ன இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூடம் 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், மூன்றரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கதவுகள் மூடியிருக்கின்றன. கன அளவு 84 கனமீட்டர், சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 118 சதுரமீட்டர். சுண்ணாம்புச் சுவரும் தரையும் தம்மேல் படும் ஒலியில் 100-க்கு 3 பங்கையே உட்கொள்கின்றன என்று கொண்டால், சபைன் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் வாய்பாட்டின்படி, காலியான கூடத்தில் ஒலி முழுதும் அடங்கச் சுமார் 3.8 விநாடி ஆகும். அதில் பாடினால் ஒரு சுரத்தின் மேல் இன்னொரு சுரம் ஏறி எல்லாம் குழம்பிவிடும். அதே கூடத்தில் முப்பது பேரை உட்கார வையுங்கள். ஆளுக்கு 0.4 சதுரமீட்டர் வீதம் உட்கொண்டால் அடங்கும் நேரம் 0.9 விநாடிக்கு வந்துவிடுகிறது. கேட்க வந்தவர்களின் உடம்பும் உடுப்புமே கூடத்தைச் சங்கீதத்துக்கு ஏற்றதாக்குகின்றன. எண்ணை ஒன்றும் மறைக்கவில்லை, ஐயமுள்ளவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

சென்னைக்கும் ஒரு நாள் போய்வந்தேன். பல சபைகளில் பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை என்பது நண்பர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. இளைய கலைஞர்கள் பாடுவார்கள், கூட்டம் குறைவாக இருக்கும், முன்னால் அமர்ந்து கேட்கலாம். காலையில் இரயிலேறி மாம்பலத்தில் இறங்கினால் இரண்டு கச்சேரி கேட்டுவிட்டு, சிற்றுண்டிச்சாலையில் ஒரு காப்பியும் குடித்துவிட்டு இரவு வீடு திரும்பலாம். நான் மாலைக் கச்சேரிக்கும் ஆசைப்பட்டு ஒரு சபையில் குறைந்த கட்டணச் சீட்டு வாங்கினேன். பின்வரிசையிலிருந்து தூண் மறைத்தது. முன்னே காலியாக இருந்த ஓர் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். தொண்டர் ஒருவர் வந்து என் செருப்பையும் சட்டையையும் பார்த்துவிட்டு, "சந்தாதாரர் சீட்டு, எழுந்திருங்க" என்றார். எழுந்தேன். விதி அதுதான், குறை சொல்ல முடியாது. அந்த இருக்கை கச்சேரி முடியும்வரை காலியாகவே கிடந்தது. 2015-இல் டி. எம். கிருஷ்ணா முதலியோர் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்பின் நடுவிலேயே, இசை விழா நடத்தத் தொடங்கியது ஏன் என்று படித்திருந்தேன். அந்த இருக்கையைப் பார்த்தபோதுதான் அது உறைத்தது.

அன்று இன்னொன்றும் கண்டேன். பெரிய உருப்படி முடிந்து மிருதங்கத்துக்குத் தனி விட்டதும், அரங்கில் பாதிப்பேர் எழுந்து காப்பி குடிக்கப் போய்விட்டார்கள். கச்சேரியிலேயே கணிதம் மிகுந்த பகுதி அது!

மிருதங்கம் ஏன் பறைபோல ஒலிக்காமல் சுருதியோடு ஒலிக்கிறது? இதற்கும் இராமனிடம்தான் போக வேண்டும். இழுத்துக் கட்டிய வெறும் வட்டத் தோலின் மேற்சுரங்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கற்றுப் போகின்றன. காதுக்கு அது சுரமாகப் படாது. வலந்தலையின் நடுவில் சோற்றையும் ஒருவகைக் கருங்கல் பொடியையும் பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்துக் கரணை வைக்கிறார்கள். அந்தக் கனத்தால் மேற்சுரங்கள் 1, 2, 3, 4, 5 என்னும் முழு எண் விகிதத்துக்கு அருகில் வந்து நிற்கின்றன. 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழிலும், பின்னர் 1934-இல் விரிவாகவும் இராமன் இதை எழுதினார். எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் இதைக் கண்டுபிடித்து வைத்த தொழிலாளிகளின் பெயர் நமக்குத் தெரியாது.

தனி ஆவர்த்தனத்தின் முடிவில் வாசிப்பது கோர்வை. இச்சொல்லைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் நாள்தோறும் புழங்கும் சொல்லாயிற்றே! காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் வேண்டுமென்றால், மூன்று நாடாக்களை வைத்து, உடலின் ஊடையையும் கரையின் ஊடையையும் ஒவ்வோர் இழையிலும் ஒன்றோடொன்று கோத்து நெய்ய வேண்டும். அதற்குப் பெயர் கோர்வை. ஒரு பக்கக் கரைக்கு நாடா போட உடன் ஓர் ஆள் வேண்டும். சிறு வயதில் நான் அந்த வேலை செய்திருக்கிறேன். ஓர் இழை தவறினாலும் கரை பல்லிளிக்கும்.

மிருதங்கக் கோர்வையும் கோப்பதுதான். ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு 4 மாத்திரையாக ஒரு சுற்றுக்கு 32. மிக எளிய கோர்வை ஒன்றைச் சொல்கிறேன். 'தகதிமி' என்ற 4 மாத்திரைச் சொல் மூன்று முறை, ஆக 12. அடுத்து 'தாதீ – கிடதொம்' என்று இடையில் ஒரு நிறுத்தத்தோடு 6 மாத்திரை. அதை மூன்று முறை சொல்லி, இடையிடையே ஒரு மாத்திரை விட்டால் 6, 1, 6, 1, 6, ஆக 20. இரண்டும் சேர்ந்து 32. சுற்று முடிந்து அடுத்த சுற்றின் முதல் தட்டில் பாட்டு வந்து சேர்கிறது. கேட்கும்போது 4-களும் 6-களும் தாளத்தை விட்டு எங்கோ போவதுபோல் இருக்கும். கடைசித் 'தொம்' முடிந்த மறுகணம் எல்லாம் ஒன்றாக வந்து பூட்டிக்கொள்ளும். வித்துவான்கள் இதையே பாட்டு எடுக்கும் இடத்துக்கு ஏற்ப, சுற்றுக் கணக்கில் நீட்டிக் கையாள்கிறார்கள். வகுப்பில் மேசையைத் தட்டி நண்பர்களுக்குச் சொல்லிக் காட்டினேன். ஆறு பேரில் நான்கு பேருக்கு மூன்றாம் நாள் வந்துவிட்டது.

கூடத்தில் கடைசிச் சனிக்கிழமை வாய்ப்பாட்டு. வயலினும் மிருதங்கமும் பக்கம். அப்பா வரமாட்டேன் என்றுதான் சொன்னார். பாதியில் திரும்பிப் பார்த்தால் அந்த வீட்டுத் திண்ணையில், துண்டைத் தோளில் போட்டபடி நின்றுகொண்டிருந்தார். பெரியவர் எழுந்துபோய், "உள்ளே வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்தும், "இருக்கட்டும் சார், இங்கியே நல்லா கேக்குது" என்று சொல்லிவிட்டார். தனி வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. போவதற்குக் காப்பிக் கடையும் அங்கே இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது நெடுநேரம் பேசாமல் வந்தவர், தெருமுனையில் நின்று, "ரெண்டாவது தபா ஒரு எழ விட்டுட்டாம் போல இருந்துச்சி. மூணாவதுல இழுத்து வந்து கோத்துட்டான்" என்றார்.

தை பிறந்ததும் பெரியவர் மறுபடி வந்தார். ஜீவா நூல் தேய்ந்து போயிற்றாம். இந்த முறை அப்பாவே நான்கு துண்டாக அறுத்து, ஒரு காகிதத்தில் மடித்து, தாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.